இடப்பக்கத் தையல்

உ
ஹவுகெட்டோ, ஒஸ்லோ
13.01.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

நேற்று ஞாயிறு மத்தியானம் எங்கள் ஹோலில் இருந்தவர்கள்: நான், உங்கள் தம்பி, மகள் மிதுனா, அவளோடு வந்த மாரித் என்கிற நோர்வேப் பிள்ளை, பிறகு என் தையல் பொம்மை. கனகம்மா அக்கா அப்போதுதான் எழும்பிப் போனார். வாசலில் அவரும் மாரித்தும் ஒருவருக்கொருவர் வழிவிட்டார்கள். யார் இருந்தார், யார் போனார் என்று ஒழுங்காகச் சொன்னால்தான் எனக்கு மிச்சம் எழுத வரும். உங்களுக்குத் தெரியும்.

நாங்கள் மூவரும் சுகம். உங்கள் காதுக்கு அம்பாளிடம் தினமும் கேட்கிறேன்.

கனகம்மா அக்காதான் எங்கள் கோயிலில் அம்மனின் உடுப்புகளுக்குப் பொறுப்பு. இந்த முறை தேரன்று அம்மன் உடுத்தும் பட்டை என்னைத் தைக்கச் சொல்லிக் கொண்டுவந்து தந்தார். மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. இதுவரை இந்தியாவிலிருந்து தைத்துத்தான் வரும். போன வருடம் தேர் திரும்பும்போது காற்றுக்குக் கொசுவம் பிரிந்து, ஐயர் ஒரு கையில் தீபமும் மறு கையில் அம்மனின் சீலையுமாக நின்றாரே, அதற்குப் பிறகுதான் இந்த முடிவு. எத்தனையோ வருடமாக மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது மச்சாள், வாய்விட்டு ஒருவரிடமும் கேட்டதில்லை. பட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றினேன்.

கனகம்மா அக்கா வாசலில் நின்று ஒன்று சொன்னார். "குமாரி, அம்மாளின்ரை சீலை தைக்கிற மெஷினிலை கண்டதையும் தைக்கப்படாது. விளங்கிச்சோ?" நான் ஓம் என்றேன். அடுத்த நிமிடம் மாரித் உள்ளே வந்தாள்.

மிதுனா வியாழக்கிழமைகளில் வேலை முடிய ஸ்விங் என்கிற பழைய அமெரிக்க நடனம் ஆடப் போகிறாள். மாரித் அங்கேதான் பழக்கம், மேடையிலும் ஆடுகிறவள். அவளுக்குக் கறுப்புச் சாட்டினில் அந்தக் காலத்து நீளச் சட்டை ஒன்று வேண்டுமாம். இடப்பக்கம் கக்கத்திலிருந்து அடிக்கரை வரைக்கும் திறந்து, பிரஸ் பட்டன் மட்டும் வைக்க வேண்டும்.

"கெதியாக் கழட்டக்கூடியதா இருக்கோணுமாம் அம்மா" என்றாள் மிதுனா.

எனக்கு அது புதிதில்லை. அரங்கேற்றத்தில் வர்ணம் முடிந்து பதம் தொடங்க முன் பிள்ளைக்கு உடுப்பு மாற்ற நாங்கள் படுகிற அவசரம் அம்பாளுக்குத்தான் தெரியும். அதைச் சொன்னேன். மிதுனா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு தேத்தண்ணீர் போடப் போய்விட்டாள்.

ஆடல் உடுப்பு "கண்டது" ஆகாதுதானே? உங்கள் வாயால் ஒரு சொல் வேண்டும்.

அன்புடன்,
குமாரி


ஸ்தவாங்கர்
27.01.2025

குமாரிக்கு,

நான் சுகம். காதுக் கருவிதான் சுகமில்லை. டெலிபோனில் எல்லோரும் மீன் தொட்டிக்குள் இருந்துதான் கதைக்கிறார்கள். ஆகவே நீர் எழுதுவதை நிறுத்த வேண்டாம். இப்போது தபால்காரர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறார். வராத நாளிலும் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன்.

கனகம்மாவை நான் சின்னதிலிருந்து அறிவேன். பள்ளிக்கூடத்தில் மொனிற்றராக இருந்தவள், இன்னும் இறங்கவில்லை. ஆடல் உடுப்பு கண்டதில் சேராது. தையும். பட்டு கிடைத்ததற்கு என் சந்தோஷம்.

ஒரு சின்ன விசயம். மிதுனா ஆடும் சப்பாத்தின் அடி தோலா, றப்பரா? பக்கத்து வீட்டு ஆன்ட்ரியாஸ் கேட்கச் சொன்னார். கடலில் எண்ணெய்த் தளத்தில் வேலை செய்து ஓய்ந்தவர், எதையாவது கேட்டுக்கொண்டிருப்பார்.

தம்பியைப் பாண் தின்பதைக் குறைக்கச் சொல்லும்.

சிவமலர்


உ
ஹவுகெட்டோ
20.02.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

தோல் அடியாம். றப்பர் தரையைப் பிடித்து முழங்காலைத் திருகிவிடுமாம். ஆன்ட்ரியாஸுக்குச் சொல்லுங்கள். அவருக்கு எதற்கு இது?

மாரித்தின் சட்டை முடிந்தது. சாட்டின் வழுக்கி வழுக்கி என் பொறுமையைச் சோதித்தது. போட்டுப் பார்த்து, அவளே இழுத்துக் கழற்றிப் பார்த்து, என்னைக் கட்டிப்பிடித்தாள். எனக்கு மட்டும் ஒரு குறை. பிரஸ் பட்டனை நம்பி ஒரு பொம்பிளைப் பிள்ளையை மேடைக்கு எப்படி அனுப்புவது? பியோர்ண்டாலில் ஒரு அரங்கேற்றத்தில் பிள்ளையின் விசிறிக் கொசுவம் நடு மேடையில் அவிழ்ந்ததை நீங்களும் பார்த்தீர்கள். அதற்குப் பிறகு, மேடை ஏற முன் கடைசித் தையலைப் பிள்ளை உடுத்து நிற்கும்போதே என் கையால் போடுவது வழக்கம். ஆடி முடிய நானே வெட்டி விடுவேன்.

மார்ச் எட்டாம் திகதி, பெண்கள் தினத்தன்று அவர்களின் நிகழ்ச்சி. மாரித் எனக்கு ரிக்கெற் தந்தாள்.

"அம்மா, நீங்கள் வரத்தான் வேணுமோ?" என்றாள் மிதுனா.

"ஏன், நான் வந்தால் குறைச்சலோ?"

"குறைச்சல் இல்லை."

ஊசிப் பெட்டியை எடுத்து வைத்துவிட்டேன்.

அம்மனின் பட்டை வெட்டியாயிற்று. வெள்ளிக்கிழமைகளில் குளித்து, விளக்கேற்றிய பிறகுதான் அதைத் தொடுகிறேன்.

குமாரி


ஸ்தவாங்கர்
26.02.2025

குமாரிக்கு,

போய்ப் பாரும். பார்த்ததை முழுக்க எழுதும். மண்டபத்தின் தரை மரமா, சீமெந்தா என்பதையும் எழுதும்.

இதற்கு மேல் எழுத நேரமில்லை. இப்போதெல்லாம் புதன்கிழமைகளில் அலுவல் அதிகம்.

சிவமலர்


உ
ஹவுகெட்டோ
10.03.2025

மச்சாள்,

சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை; மன்னியுங்கள்.

மண்டபத்தின் தரை மரம்.

முதலில், மேடையோரம் வாத்தியக்காரர் வாசிக்க, ஸ்விங் ஆடினார்கள். அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஒருவர் கையை ஒருவர் பிடித்து, சுழற்றி விட்டு, மீண்டும் பிடித்து, கிழவர் குமரர் என்று பேதமில்லாமல் எல்லோரும் சிரித்த முகம். மிதுனா துள்ளி ஆடினாள். பிறகு நான் மேடைக்குப் பின்னால் போய் மாரித்தின் இடப்பக்கத்தில், பட்டனுக்கு உள்ளே, இரட்டை நூலில் கக்கத்திலிருந்து முழங்கால் வரை ஓட்டி முடிச்சுப் போட்டேன். அவள் கண்ணாடியைப் பார்த்து மை பூசிக்கொண்டிருந்தாள். தும்பு வெட்டுகிறேன் என்று நினைத்து நன்றி சொன்னாள்.

வந்து இருக்கையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் கம்சிகா, கனகம்மா அக்காவின் மகள். அவளும் மிதுனாவோடு ஆடுகிறவளாம். அது அன்றுதான் தெரிந்தது. அறிவிப்பாளர் மாரித்தின் பெயரைச் சொல்லி, பேர்லெஸ்க் என்றார்.

"அன்ரி, பேர்லெஸ்க் எண்டால் என்னெண்டு தெரியுமோ?" என்றாள் கம்சிகா.

"என்ன பிள்ளை?"

"ஆடி ஆடிக் கழட்டுறது."

"எதை?"

"உடுப்பை, அன்ரி."

மச்சாள், என் மடியில் ஊசிப் பெட்டி. என் நெற்றியில் திருநீறு. மேடையில் மாரித்.

ஒரு கையுறையைக் கழற்றி எறிந்தாள். சனம் கூவியது. மற்றதையும் எறிந்தாள். பிறகு இடப்பக்கத்தைப் பிடித்து ஒரு இழுவை இழுத்தாள். பட்டன்கள் படபடவென்று திறந்தன, சட்டை அப்படியே நின்றது. மறுபடி இழுத்தாள். மேளக்காரன் அதற்கு ஒரு அடி போட்டான். சனம் சிரித்தது. அவள் முகத்தில் ஒரு கணம் பயம். அதைப் பார்த்தபோது நான் செத்தேன். பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன தோன்றியதோ, திரும்பி நின்று சட்டையோடு சண்டை பிடிக்கத் தொடங்கினாள். இழுக்கிறாள், மேளம் அடிக்கிறது. தரையில் உருளுகிறாள். நீளக் குழல் ஊதுகிறவரிடம் போய்ச் சட்டைக் கரையைக் கொடுத்து இழுக்கச் சொல்கிறாள், அவர் குழலால் ஒரு முனகல் ஊதுகிறார். கடைசியில் ஒரு சப்பாத்தை மட்டும் கழற்றித் தலைக்கு மேல் பிடித்து, ஏதோ பெரிதாகக் கழற்றிவிட்டவள் போலக் கும்பிட்டாள். மண்டபம் முழுக்க எழும்பி நின்று கைதட்டியது. முழு உடுப்போடு போனாள்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ரயிலில் மிதுனாவைப் பிடித்தேன்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"கெதியாக் கழட்டோணும் எண்டு சொன்னனான் தானே."

"உடுப்பு மாத்த எண்டு நினைச்சனான்!"

"மேடைக்குப் பின்னாலை எண்டு நான் சொல்லேல்லையே அம்மா."

ஹவுகெட்டோவில் இறங்கும்போதுதான் சொன்னாள்: "கம்சிகா எல்லாத்தையும் வீடியோ எடுத்திட்டாள்."

அம்மனின் பட்டு பாதி தைத்தபடி பொம்மையில் இருக்கிறது. அதே பொம்மை, அதே மெஷின். கனகம்மா அக்காவிடம் நானே போய்ச் சொல்வதா, பட்டைத் திருப்பிக் கொடுப்பதா? நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன். நீங்கள் ஒரு வரி எழுதினாலும் அவர் கேட்பார்.

குமாரி


உ
ஹவுகெட்டோ
30.03.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

போன கடிதம் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். சுகமில்லையோ என்று உங்கள் தம்பி கேட்கிறார்.

மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டேன். பட்டைத் தொடவில்லை. கோயிலில் கனகம்மா அக்கா தூரத்தில் நின்று தலையாட்டினார். அது சாதாரணத் தலையாட்டலா, வேறா என்று வீடு வரைக்கும் யோசித்தேன்.

நான் எதற்குத் தைத்தேன் என்றாவது அறிய வேண்டும் என்று நூலகத்தில் புத்தகம் எடுத்து, அகராதியோடு இருந்து படித்தேன். ஸ்விங் ஆடுவது ஜாஸ் வாசிப்புக்காம். என் மனதில் ஜாஸ் என்றால் எங்கள் பழைய படங்கள்தான். ட்ரம்பெட் கேட்டால் வில்லனின் விடுதி, புகை, ஜிகினா உடுப்போடு ஒருத்தி. ஆனால் அது கறுப்பு மக்களின் இசையாம், அமெரிக்காவின் தெற்கில் தொடங்கியது. அவர்களின் நடனம்தான் ஸ்விங். நியூயோர்க்கில் ஹார்லெம் என்கிற இடத்தில் பெரிய நடன மண்டபம் ஒன்று இருந்ததாம். வேறு இடங்களில் மேடையில் வாசிக்கிற கறுப்பர் ஆடுகிற சனத்தோடு உட்கார முடியாத காலத்தில், அந்த மண்டபத்தில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தரையில் ஆடினார்கள். இதைப் படித்தபோது எங்கள் ஊர்க் கோயில் வாசல்கள் நினைவுக்கு வந்தன, யாரை உள்ளே விட்டோம், யாரை வெளியில் நிறுத்தினோம் என்று. அதற்கு மேல் எழுதவில்லை.

பேர்லெஸ்க் முதலில் கழற்றுவது இல்லையாம் மச்சாள். பெரிய மனிதர்களின் நாடகங்களைக் கேலி செய்து ஆடியதாம், பெண்கள் ஆண் வேடம் போட்டு ராசாவையும் மந்திரியையும் நையாண்டி பண்ணினார்களாம். பிறகு அமெரிக்காவில்தான் இறகு, விசிறி, கழற்றல் எல்லாம் சேர்ந்து, ஒரு காலத்தில் நியூயோர்க் அதிகாரிகள் அந்த அரங்குகளை மூடியும் விட்டார்கள். இந்தக் காலத்துப் பெண்கள் தங்கள் விருப்பத்துக்குத் திரும்ப எடுத்து ஆடுகிறார்கள் என்று போட்டிருக்கிறது. எனக்குச் சம்மதம் என்று எழுத மாட்டேன். ஆனால் மாரித் அன்று செய்தது அந்த முதல் கேலிதான் போலத் தெரிகிறது.

படித்தும் தூக்கம் வரவில்லை. ஒரு வரி போடுங்கள்.

குமாரி


ஸ்தவாங்கர்
16.04.2025

குமாரிக்கு,

சுகமாகத்தான் இருக்கிறேன். முழங்கால் முன்னையிலும் நல்லது. வைத்தியர் ஆச்சரியப்படுகிறார்.

நீர் படித்ததில் ஒன்று விட்டுப்போயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த நடனத்தைச் சனம் மறந்தது. எண்பதுகளில் சுவீடன் பிள்ளைகள் சிலர் பழைய படத் துண்டுகளில் பார்த்து ஆசைப்பட்டு, நியூயோர்க் போய்ப் பழைய ஆட்டக்காரரைத் தேடினார்கள். அவர்களுக்குப் பழக்கிய ஒருவர் பல வருடமாகத் தபால் கந்தோரில் வேலை செய்தவர். பக்கத்தில் நின்றவருக்கே அவர் யாரென்று தெரியாதாம். இப்போது சுவீடனில் ஒரு சின்னக் கிராமத்தில் வருடா வருடம் கோடையில் உலகம் முழுக்க வந்து ஆடுகிறது.

கனகம்மா விசயம். அவசரப்பட வேண்டாம். நான் யோசித்துச் சொல்கிறேன்.

சிவமலர்


உ
ஹவுகெட்டோ
05.05.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

நீங்கள் யோசித்து முடிய முன்பே கனகம்மா அக்கா வந்துவிட்டார். சனிக்கிழமை காலை, சொல்லாமல். நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே தையல் அறைக்குள் போனார். உறை போட்ட மெஷினைப் பார்த்தார். பட்டைப் பார்த்தார். கைத்தொலைபேசியை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இதிலை உருளுறது ஆர்?"

"மாரித் எண்டு ஒரு பிள்ளை, அக்கா."

"சட்டை ஆர் தைச்சது?"

"நான்தான்." சொல்லிவிட்டேன் மச்சாள். "என்னத்துக்கெண்டு தெரியாமல் தைச்சனான். ஆனால் தைச்சது நான்தான். பட்டைக் கொண்டு போங்கோ அக்கா. பாதியிலை நிற்குது, பழுதொண்டும் இல்லை."

அவர் பட்டைத் தொடவில்லை. வீடியோவை முதலிலிருந்து போட்டார். அந்தப் பிள்ளை இழுக்கிறாள், உருளுகிறாள், குழல்காரர் இழுக்கிறார். கனகம்மா அக்கா கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

"இவ்வளவு இழுவை இழுக்கிறாள். ஒரு நூல் போச்சுதோ?"

"இல்லை அக்கா."

"போன வருசம் தேரிலை ஐயர் பட்ட பாடு எனக்கு இன்னும் கண்ணுக்கை நிற்குது. அம்மாளுக்கு இந்தத் தையலைத்தான் போடோணும். இதையே போடும்."

"அப்ப நீங்கள் கோவிக்கேல்லையோ?" என்றேன்.

"கோவிச்சனான். கம்சிகா காட்டேக்கை முதல் பாதியிலை நல்லாக் கோவிச்சனான். பிறகு அந்தச் சப்பாத்தைத் தூக்கிக் கும்பிட்டாள் பாரும், சிரிப்பு வந்திட்டுது. சிரிச்ச பிறகு எப்பிடித் திரும்பக் கோவிக்கிறது?" என்றார். வாசலுக்குப் போய்த் திரும்பி, "ஆனால் குமாரி, ரெண்டையும் ஒரே பொம்மையிலை போடாதையும். அம்மாளுக்கெண்டு வேறை பொம்மை வாங்கும். தோசை கருகுது" என்றார்.

கருகித்தான் போயிற்று. அந்தக் கருகியதையே நாலு தின்றேன். மார்ச்சுக்குப் பிறகு அன்றுதான் பசி தெரிந்தது.

மாரித்தும் வந்தாள். இனி அந்த ஆட்டம் அப்படியே தானாம், கழலாத சட்டை. ஒவ்வொரு முறையும் நானே கடைசித் தையலைப் போட வேண்டுமாம். கழலாது என்று உறுதியானதால் ஓம் என்றேன்.

இனி ஒரு கேள்வி. தபால் கந்தோர்க்காரரின் கதை உங்களுக்கு எப்படித் தெரியும்? அது நான் எடுத்த புத்தகத்தில் இல்லை. தோல் அடிச் சப்பாத்து, மரத் தரை, புதன்கிழமை, முழங்கால். நான் நெருக்கவில்லை மச்சாள். எழுதி மட்டும் வைக்கிறேன்.

குமாரி


ஸ்தவாங்கர்
15.05.2025

குமாரிக்கு,

பட்டு உம்மிடமே நின்றதில் எனக்கு இரண்டு பங்கு ஆறுதல். ஏன் என்று சொல்கிறேன்.

நான் புதன்கிழமைகளில் ஸ்விங் ஆடுகிறேன். ஒக்டோபரில் இருந்து. ஆன்ட்ரியாஸ்தான் கூட்டிப் போனார். நான் ஒரு மூலையில் கதிரையில் இருந்து திரும்பிவிடலாம் என்று போனேன். அங்கே மரத் தரை. ஆளுயர வயலின் போல ஒரு வாத்தியம் வைத்திருக்கிறார்கள். அதைச் சுண்டும்போது உள்ளங்காலில் தெரிந்தது. காது போனதிலிருந்து ஒரு பாட்டு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரிந்ததே இல்லை குமாரி. அன்று தெரிந்தது. எழும்பிவிட்டேன்.

என் கணவர் இறந்து ஆறு வருடம். அவர் இருந்தால் சிரித்திருப்பார். ஆனால் ஒரு விதவை வெள்ளைக்காரக் கிழவனின் கையைப் பிடித்துச் சுழலுகிறாள் என்று கனகம்மாவுக்குப் போனால் என்ன ஆகும் என்று பயந்தேன். நீர் மார்ச்சில் எழுதியபோது, உமக்கு அவள் என்ன செய்கிறாள் என்று பார்த்துவிட்டுப் பேசலாம் என்று இருந்துவிட்டேன். அது சரியில்லை. நீர் கேட்டவுடன் உம் பக்கம் நின்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும்.

நாளை மறுநாள் பதினேழாம் திகதி, தேசிய தினம். ஊர்வலம் முடிய முதியோர் இல்ல முற்றத்தில் எங்கள் குழு ஆடுகிறது. இஞ்சை உள்ள தமிழ்ச் சனம் எல்லாம் காணும். யாரோ சொல்லி நீர் அறிவதிலும் நானே சொல்வது நல்லது.

நான் போடுகிற பாவாடை சுழலும்போது காலில் சுற்றுகிறது. அவ்வளவுதான்.

சிவமலர்


உ
ஹவுகெட்டோ
30.06.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

நேற்றுத் தேர். நாங்கள் எல்லோரும் சுகம். நீங்களும் சுகமென்று பதினேழாம் திகதிப் படத்திலேயே தெரிந்தது. மிதுனா எங்கிருந்தோ எடுத்துக் காட்டினாள். உங்கள் இடது கை மேலே, முகம் முழுக்கப் பல்.

வீதி திரும்பும் இடத்தில் காற்று அடித்தது. போன வருடத்தை விடப் பெரிய காற்று. குடைத் துணி ஒன்று கிழிந்தது. நான் தேரின் பின்னால் கைகூப்பி நின்றேன். அம்மனின் கொசுவம் அசையவே இல்லை. ஐயர் இரண்டு கையாலும் தீபம் காட்டினார். கனகம்மா அக்கா சனத்துக்குள் என்னைத் தேடிப் பிடித்து, என் விலாவில் இடித்தார். பிறகு, "இந்த முறை வடம் பிடிக்கேக்கை கம்சிகாவும் உம்மடை மிதுனாவும் கால் மாத்தி மாத்தி வைச்சதைப் பாத்தனீரோ? ஸ்விங்காம்" என்றார். கோவம் இல்லை.

உங்கள் படத்தை அவரும் பார்த்துவிட்டார். ஏதும் சொல்வார் என்று காத்திருந்தேன். "சிவமலருக்கு அந்தப் பாவாடை பொருந்தேல்லை. நீர் ஒண்டு தைச்சு அனுப்பும்" என்றார். அவ்வளவே. ஆகவே இனி யாருக்கும் பயப்பட வேண்டாம்.

வட்டமாக வெட்டித் தைக்கிறேன். சுழன்றால் விரியும், நின்றால் அடங்கும். துணி எடுத்துவிட்டேன், கடல் நீலம். கடைசித் தையல் போட நான் அங்கே இல்லை, அதனால் இடுப்புப் பட்டிக்குள் இரட்டைக் கொளுக்கி வைக்கிறேன்.

உங்கள் தம்பி மட்டும் இன்னும் அறியவில்லை. "அக்கா ஏன் இந்த முறை தேருக்கு வரேல்லை?" என்று கேட்டார். புதன்கிழமை அலுவல் என்றேன். "தேர் ஞாயிற்றுக்கிழமையல்லோ?" என்றார். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

உங்கள் இடுப்பளவு, இடுப்பிலிருந்து முழங்கால் வரை நீளம், தம்பிக்குச் சொல்லலாமா கூடாதா, இவ்வளவும் எனக்கு வேண்டும். இந்த முறை யோசிக்க எடுக்காமல் கெதியாகப் பதில் போடுங்கள்.

குமாரி